பிற

அந்தப் பாலத்தைப் பார்க்கப் படகில்தான் போகவேண்டும்.
எத்திராசு கழி ஊன்றினார்.
உப்பனாற்றுச் சேறு கழியை விடமாட்டேன் என்றது.
முதுநகர் ஏலக் கூச்சல் பின்னால் தேய்ந்தது.
மடியில் படிவம், பிளாஸ்டிக் உறையில்.
அலுவலகத்தில் கன்னித்திட்டு என்று எழுதுகிறோம்.
எத்திராசு சொல்வது காணித்திட்டு.

தீவுக்குப் போகப் பாலம் இல்லை.
தீவுக்குள்ளே இருக்கிறது,
திட்டை இரண்டாய் அறுக்கும் ஓடையின்மேல்.
கருங்கல். மூன்று கண்.
இரண்டில் தண்ணீர் போய்வருகிறது,
மூன்றாவதைக் கண்டல் முளைத்து அடைத்துவிட்டது.
பூ விழுந்த கண் என்று எழுத நினைத்து
'அடைப்பு: ஒன்று' என்று எழுதினேன்.

கட்டியவர்?
உப்புக் கம்பெனி என்றார் ஒருவர்.
டச்சுக்காரன் என்றார் இன்னொருவர்.
"எவனோ ஒரு பரங்கி, மாட்டுக்குக் காலு நனையக்கூடாதுன்னு."
இது எத்திராசு.
கைப்பிடிச் சுவரில் ஆண்டு வெட்டியிருக்கிறது:
ஒன்று, எட்டு, ஒரு பள்ளம், மூன்று.
பள்ளத்தில் அஞ்சலாட்சி
மட்டி உடைக்கும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.
"இந்த எடத்துலதான் கல்லு நல்லா புடிக்குது."

ஒன்பதாம் பத்தி: போக்குவரத்து.
எங்கள் கணக்கில் எல்லாம் காராக மாறும்.
மாட்டு வண்டி எட்டு கார், சைக்கிள் அரை கார்.
ஏழிலிருந்து ஒன்பது வரை உட்கார்ந்து எண்ணினேன்.
லாரி இல்லை. பேருந்து இல்லை.
சைக்கிள்: ஒன்றேதான், ஒரே பையன், பதினான்கு தடவை.
ஆடு நான்கு. போயின, திரும்பவில்லை.
குடம் அறுபத்தியொன்று.
வீடெல்லாம் கீழ்த்திட்டில், அடிபம்பு மேல்திட்டில்;
கிழக்கே எங்கே தோண்டினாலும் உப்பு.
போகும்போது வெறுங்குடம் சுவரில் இடித்துக் கத்தும்,
வரும்போது இடிக்காது.
ஒரு குடம் எத்தனை கார்?
அட்டவணையில் இல்லை.
'பிற' என்று ஒரு கட்டம் உண்டு, சுண்டுவிரல் நகமளவு.
அதில் இடுக்கி எழுதினேன்.

"இன்னா எழுதற?"
எவ்வளவு பாரம் தாங்கும் என்று, என்றேன்.
"அத்த என்னக் கேளு.
பதினஞ்சு வெள்ளத்துல ரெண்டு நாளு
இதுமேலதான் கெடந்தோம். எழுவத்திரெண்டு பேரு.
வேதவல்லி கடை ஃபிரிட்ஜ் வேற.
நாலு பேரு அத நிக்கவச்சிப் புடிச்சிக்கினு இருந்தாங்க.
கரண்டே இல்ல,
படுக்க வச்சா கெட்டுப்பூடும்னா."

மனதுக்குள் பெருக்கினேன்.
ஆளுக்கு ஐம்பது கிலோ, ஈரத் துணிக்குத் தனி,
ஃபிரிட்ஜ் அறுபது.
சுமைச் சோதனைக்கு நாங்கள் மணல்மூட்டை அடுக்கி
ஒரு நாள் காத்திருந்து அளவு பார்ப்போம்.
இங்கே மூட்டைகளுக்குப் பசித்தது,
மூட்டைகள் சண்டை போட்டன,
விடிகாலையில் ஹெலிகாப்டரைப் பார்த்துக் கையாட்டின.
அது பார்க்கவில்லை.

'உறுதி' என்றால் ஒரு பைசா வராது.
'பலவீனம்' என்றால் இடிக்க வருவார்கள்.
கட்ட வருவார்களா?
'உறுதி, பராமரிப்பு தேவை' என்று எழுதி
'தேவை'யின் கீழ் கோடு போட்டேன்.

ஆறு வாரத்தில் கோப்பு திரும்பியது, பச்சை மையில்:
'மேற்படி தீவில் பதிவுபெற்ற சாலை ஏதுமில்லை.
சாலை இல்லாத இடத்தில் பாலம் இருக்க இயலாது.
பட்டியலிலிருந்து நீக்கவும்.'

நீக்கினேன்.

அடுத்த ஞாயிறு, விடுமுறையில்,
படகுக்கூலி என் பணம்,
ஒரு வெட்டரிவாளோடு போனேன்,
அந்தக் கண்ணையாவது திறந்துவிடலாம் என்று.
இடுப்பளவு சேற்றில் இறங்கி முதல் கிளையைப் பிடித்தபோது
மேலிருந்து அஞ்சலாட்சி:
"ஏ பொண்ணே, அத்த வெட்டிப்புடாத,
அதுலதான் எனக்கு நண்டு."

ஏறி வந்தேன்.
சேலை முழுக்கச் சேறு.
கையில் அரிவாள் சும்மா இருந்தது.
பள்ளத்தில் வைத்து ஒரு இழு இழுத்தேன், பிறகு இன்னொன்று.

உண்மைதான்.
கல்லு நல்லா புடிக்குது.